சோலார் பேனலின் அடுக்குகள் ஏன் பிரிகின்றன? டாலிகஞ்ச் வெயிலும் மழையும் சொல்லும் பாடம்

மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்று விசாரித்திருக்கிறீர்களா? விற்பவர் வாயில் இருந்து வரும் முதல் எண் அநேகமாக '25 வருஷம்' என்பதாகத்தான் இருக்கும். அந்த 25 வருஷத்தைத் தீர்மானிப்பது சிலிக்கான் மட்டுமல்ல. பேனலுக்குள் இருக்கும் பசையும்தான். பசை விட்டுக்கொடுத்தால், செல் நன்றாக இருந்தும் பேனல் வீணாகிவிடும்.

அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த ஒரு பொருள், அந்த ஒட்டு விட்டுப் பிரிந்து வருவதைப் பொறியாளர்கள் 'டீலாமினேஷன்' என்கிறார்கள். தமிழில் 'அடுக்குப் பிரிவு' என்று சொல்லலாம். பிளைவுட் அலமாரி, ஃபைபர் படகு, மொபைல் திரை, விமானத்தின் உடல், ஆழ்கடல் வாகனம் என எல்லாவற்றுக்கும் இது பொது எதிரி. எப்படி நடக்கிறது, உங்கள் பணத்துக்கும் பாதுகாப்புக்கும் இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

டாலிகஞ்சில் என்ன இருக்கிறது?

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரின் ஒரு பகுதி டாலிகஞ்ச். (2024 செப்டம்பரில் இந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.) அங்கே இரண்டு தமிழ்நாட்டுத் தொடர்புகள் இருக்கின்றன.

ஒன்று, நெய்வேலி. என்எல்சி இந்தியா நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை அமைத்தது. கூடவே 8 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியும் உண்டு. டாலிகஞ்சும் அட்டம் பஹாடும் இந்தத் திட்டத்தின் இடங்கள். தீவுகளின் மின்சாரம் பெருமளவு டீசல் ஜெனரேட்டர்களை நம்பியிருப்பது. அந்த டீசல் கப்பலில்தான் வந்து சேர வேண்டும். அதனால் அங்கே ஒவ்வொரு பேனலும் உழைக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கூடுதல் மதிப்பு.

இரண்டாவது, சென்னை பள்ளிக்கரணையில் தலைமையகம் கொண்ட தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது என்ஐஓடி. தீவுகளுக்கான அதன் மையம் டாலிகஞ்சில்தான் இயங்குகிறது. இதற்குப் பிறகு வருவோம்.

இப்போது அந்த ஊரின் வானிலையைப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் வரும். இடைப்பட்ட நேரத்தில் சுள்ளென்ற வெயில். காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும். அடுக்குகளைப் பிரிக்கத் தேவையான எல்லாமும் ஒரே இடத்தில்! அங்குள்ள பேனல்கள் பிரிந்துவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு பேனல் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். சென்னை, கடலூர், தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக.

ஒரு பேனலுக்குள் எத்தனை அடுக்கு?

வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பலகை. உள்ளே ஐந்து அடுக்குகள். மேலே சுமார் 3.2 மில்லிமீட்டர் தடிமனில் கண்ணாடி. அதன் கீழே ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் படலம். நடுவில் சிலிக்கான் செல்கள். இவை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மறுபடியும் அதே பிளாஸ்டிக் படலம். கடைசியில் 'பேக்‌ஷீட்' எனப்படும் பின்புறத் தாள். சில புது வகை பேனல்களில் பின்னாலும் கண்ணாடியே இருக்கும்.

செல்லை இரண்டு பக்கமும் அணைத்திருக்கும் அந்தப் படலத்தில் அதிகம் புழங்குவது இவிஏ என்ற பிளாஸ்டிக். தொழிற்சாலையில் இந்த ஐந்தையும் அடுக்கி, லாமினேட்டர் என்ற இயந்திரத்துக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். இவிஏ உருகி, இடுக்குகளில் எல்லாம் பரவி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படும். கண்ணாடியோடு அது பிடித்துக்கொள்ள 'சைலேன்' என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறு முனை பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் கைகோத்து நிற்கும் ஆள் மாதிரி.

அந்தக் கை விடுபட்டால்தான் பிரச்சினை தொடங்குகிறது.

சரி, ஏன் பிரிகிறது?

நான்கு காரணங்கள். பெரும்பாலும் இவை தனித்தனியாக வராது, சேர்ந்தேதான் வேலை செய்யும்.

முதலாவது, சூடும் குளிரும். சூடானால் பொருட்கள் விரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரியாது. வெயிலில் 65 டிகிரி வரை சூடேறிய பேனல் மீது திடீர் மழை கொட்டி 25 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி வித்தியாசம். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி சுமார் 0.36 மில்லிமீட்டர் சுருங்கும். சிலிக்கான் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் சுருங்கும். பிளாஸ்டிக் படலமோ தனியாக விட்டால் இவை இரண்டையும்விடப் பல மடங்கு சுருங்கப் பார்க்கும். ஆனால் மூவரும் ஒட்டிக் கிடக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் போக முடியாது. அந்த இழுபறி முழுவதும் ஒட்டும் இடத்தில்தான் விழுகிறது. ஒரு நாளில் ஒரு முறை என்றாலே 25 வருஷத்தில் 9,000 முறைக்கு மேல்.

இரண்டாவது, ஈரம். பிளாஸ்டிக் வழியாகத் தண்ணீர் புகாது என்றுதான் நாம் நினைப்போம். சொட்டுச் சொட்டாகப் புகாது, சரி. ஆவியாக, மூலக்கூறு மூலக்கூறாக, மாதக்கணக்கில் புகும். ஓரங்கள் வழியாகவும் பின்புறத் தாள் வழியாகவும் உள்ளே போய், சைலேன் கைகோத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பிணைப்பை அறுக்கும்.

மூன்றாவது, புற ஊதாக் கதிர். வெயிலின் இந்தப் பகுதி பிளாஸ்டிக்கின் சங்கிலிகளை உடைக்கும். மாடியில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி சில வருஷத்தில் வெளுத்து, நொறுங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். இவிஏவில் இதைத் தாங்கும் மருந்து கலந்திருப்பார்கள். அது தீரத் தீரப் படலம் மஞ்சளாகும், பிடிமானமும் குறையும்.

நான்காவது, தொழிற்சாலையிலேயே நடந்த தவறு. கண்ணாடியைச் சரியாகக் கழுவாதது, பிரித்து வைத்த இவிஏ சுருளை ரொம்ப நாள் கழித்துப் பயன்படுத்தியது, உற்பத்தியைக் கூட்ட லாமினேட்டரில் வைக்கும் நேரத்தைக் குறைத்தது. புதிதாக வாங்கும்போது இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சில மழைக்காலம் போன பிறகுதான் தெரியும்.

இந்த நான்காவதைப் புரிந்துகொள்ள பரோட்டாக் கடையே போதும். மாஸ்டர் மாவை விசிறி மெல்லியதாக்கி, எண்ணெய் தடவி, மடித்துச் சுருட்டுகிறார். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே எண்ணெய் இருப்பதால் மாவும் மாவும் ஒட்டுவதில்லை. கல்லில் போட்டதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. எடுத்து இரண்டு தட்டு தட்டினால் பூப்போலப் பிரிகிறது. கண்ணாடியில் துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கு பேனலுக்குள் செய்வதும் இதே வேலையைத்தான். பரோட்டாவில் வேண்டுமென்றே செய்கிறோம், பேனலில் கவனக்குறைவாக நடந்துவிடுகிறது.

ஓரத்தில் தொடங்கினால் ஏன் நிற்பதில்லை?

ஒரு செல்லோடேப்பை மேசையில் ஒட்டி, படுக்கை வாட்டில் இழுத்துப் பாருங்கள். வராது. ஒரு மூலையை நகத்தால் நெம்பி மேல்நோக்கி இழுங்கள். சுலபமாக உரிந்து வரும். பசை அதேதான், ஒட்டிய பரப்பும் அதேதான். அப்புறம் என்ன வித்தியாசம்?

படுக்கை வாட்டில் இழுக்கும்போது உங்கள் விசையைப் பசையின் பெரும்பகுதி பகிர்ந்துகொள்கிறது. உரிக்கும்போது, பிரிந்த பகுதிக்கும் பிரியாத பகுதிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய கோட்டில் மொத்த விசையும் குவிகிறது. அந்தக் கோடு தோற்றதும் அடுத்த கோடு. பத்துப் பேர் சேர்ந்து எதிர்க்க வேண்டியவனை ஒவ்வொருவராகத் தனியே போய் எதிர்ப்பது மாதிரி.

1921இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் இதற்கான அடிப்படைக் கணக்கைச் சொன்னார். ஒரு விரிசல் வளர்ந்தால் பொருளில் தேங்கியிருக்கும் இழுவிசை ஆற்றல் கொஞ்சம் விடுபடும். புதிய பரப்பை உருவாக்கக் கொஞ்சம் ஆற்றல் செலவாகும். வரவு செலவை மிஞ்சினால் விரிசல் தானாக ஓடும். அடுக்குப் பிரிவுக்கும் இதே வரவு செலவுக் கணக்குதான். ஈரம் புகும்போது 'செலவு' குறைகிறது. அதாவது, முன்பு தாங்கிய அதே இழுப்பைப் பசையால் இப்போது தாங்க முடியாமல் போகிறது.

பிரிந்த பொருளைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கவும் முடியும். பாட்டில் லேபிளை உரித்துப் பாருங்கள். சில நேரம் பசையோடு சுத்தமாக வரும்: பசைக்கும் பாட்டிலுக்கும் சேரவில்லை. சில நேரம் பசை பாதி இங்கே, பாதி அங்கே நிற்கும்: பசையின் உள்வலிமை போதவில்லை. சில நேரம் காகிதமே கிழியும்: பசை ஜெயித்துவிட்டது, காகிதம் தோற்றது. விபத்து ஆய்வாளர்கள் உடைந்த துண்டுகளில் முதலில் தேடும் தடயங்களில் இதுவும் ஒன்று.

பிரிந்தால் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் வெளிச்சம். இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்று இடைவெளி வந்துவிட்டால், அந்த இடைவெளியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். இரண்டு பரப்பு, ஆக அந்த இடத்தில் சுமார் 8 சதவீதம் போச்சு.

இரண்டாவது, அரிப்பு. ஈரமும் சூடும் சேர்ந்தால் இவிஏ சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். அடைபட்ட இடத்தில் இது தங்கி, செல்லின் மேல் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகளையும் இணைப்புக் கம்பிகளையும் அரிக்கும். மின் உற்பத்தி படிப்படியாக இறங்கும்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. வரிசையாக இணைத்த பேனல்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்சாரம் ஓடும். பிரிவு ஓரம் வரைக்கும் போய்விட்டால், மழை நேரத்தில் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் வெளியே இருக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் ஈரப்பாதை உருவாகலாம். மின்கசிவு, ஷாக், சூட்டுப் புள்ளி, மோசமான நிலையில் தீ என்று ஆபத்து கூடும்.

ஐஐடி பாம்பேயில் உள்ள தேசிய ஒளிமின்னழுத்த ஆய்வு மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்கப் பேனல்களை நேரில் போய் ஆய்வு செய்திருக்கின்றன. வெப்பமான பகுதிகளில் பேனல்கள் வேகமாகத் திறன் இழக்கின்றன என்பதும், பெரிய மின் நிலையங்களைவிடச் சிறிய, கூரை அமைப்புகளின் நிலைமை மோசம் என்பதும் அவற்றின் முக்கியக் கண்டறிதல்கள். பெரிய திட்டம் வாங்குபவர் சோதித்து வாங்குகிறார். வீட்டுக்கு வாங்கும் நாம் பெரும்பாலும் விலையைப் பார்த்து வாங்குகிறோம்.

பிளைவுட், படகு, விமானம்: இதே விதி வேறு எங்கெல்லாம்?

அந்தமானுக்கு இந்த விஷயம் புதிதில்லை. போர்ட் பிளேரின் சாத்தம் தீவில் 1883இல் தொடங்கிய அரசு மரமறுப்பு ஆலை இன்றும் இருக்கிறது. தீவுகளில் பிளைவுட் ஆலைகளும் ஒரு காலத்தில் ஓடின. 2002 மே மாத உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

பிளைவுட்டில் அடுத்தடுத்த தாள்களின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். ஈரம் பட்டால் நார் ஓடும் திசையில் மரம் ஒரு சதவீதம்கூட உப்பாது; குறுக்குத் திசையில் 5 முதல் 10 சதவீதம் வரை உப்பும். ஆக, ஒரு தாள் விரிய நினைக்கும், அடுத்த தாள் விடாது. இந்தச் சண்டையைத் தாங்குவது பசை. எம்ஆர் கிரேடு பிளைவுட்டில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. தொடர் ஈரத்தில் அது மெல்லச் சிதையும். பிடபிள்யூஆர், மரைன் கிரேடுகளில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. அது கொதிநீரையே தாங்கும். ஐஎஸ் 710 தரநிலைப்படி மரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிக்க வேண்டும். எம்ஆர் என்றால் 'ஈரத்தை ஓரளவு தாங்கும்', அவ்வளவுதான். கிச்சன் சிங்க் அடியில் அதைப் போட்டுவிட்டு கார்பென்டரைத் திட்டிப் பலனில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளும் அடுக்குகள்தான்: கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் மாறி மாறி. மேல்பூச்சு வழியாக உள்ளே ஊறும் நீர், கரையக்கூடிய பொருட்களோடு சேர்ந்து, சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக் கொப்புளம் கட்டும். கொப்புளம் பெரிதானால் அடுக்கு விடும்.

விமானத்தில் இது உயிரையே பறித்திருக்கிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்தபோது, அதன் மேற்கூரையில் சுமார் 5.5 மீட்டர் நீளம் பிய்த்துக்கொண்டு போனது. விமானி எப்படியோ தரையிறக்கிவிட்டார். ஆனால் ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அது 1969இல் கட்டப்பட்ட விமானம், 89,680 முறை பறந்தது. உடல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் பசையும் ரிவெட்டும் சேர்ந்து சுமையைத் தாங்க வேண்டிய வடிவமைப்பு. உப்பும் ஈரமும் நிறைந்த தீவுக் காற்றில் பசை விட்டது. சுமை முழுவதும் ரிவெட் துளைகளுக்குப் போனது. அங்கே விரிசல்கள் முளைத்தன. பசை விட்டதையும் விரிசலையும் பராமரிப்புச் சோதனைகளில் கண்டுபிடிக்காததே காரணம் என்றது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போய் ஐந்து பேரோடு நொறுங்கிய 'டைட்டன்' நீர்மூழ்கியை நினைவிருக்கிறதா? அதன் கார்பன் ஃபைபர் உடல் சுமார் 12.7 சென்டிமீட்டர் தடிமன். ஐந்து அடுக்குகளாகச் சுற்றி, ஒட்டப்பட்டது. 2022 ஜூலையில், அதன் 80ஆவது பயணத்தில், பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதன் பிறகு உடலில் பொருத்திய உணரிகளின் அளவுகள் மாறியிருந்தன. உடலுக்குள் அடுக்குகள் பிரிந்திருந்ததை விசாரணையாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். அப்படியும் அது மறுபடி கடலில் இறக்கப்பட்டது.

இங்கேதான் டாலிகஞ்சின் இரண்டாவது தொடர்பு. அங்கே மையம் வைத்திருக்கும் என்ஐஓடிதான் இந்தியாவின் 'மத்ஸ்யா 6000' வாகனத்தையும் உருவாக்குகிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போகும் அதன் மனிதக் கோளம், 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டைட்டானியம் உலோகக் கலவை. பகுதிகளைப் பசையால் ஒட்டாமல் வெல்டிங் செய்து சேர்க்கிறார்கள். உலோகத்துக்கும் சோர்வு உண்டு, பிசகு உண்டு. ஆனால் பிரிவதற்கு அதில் அடுக்குகள் இல்லை.

பிரிவது எப்போதுமே கெட்டதா?

இல்லை. அபிரகம், அதாவது மைக்கா, கத்தி முனையில் தாள் தாளாகப் பிரிவதால்தான் மின்காப்புப் பொருளாக அதற்கு மதிப்பு வந்தது. 2004இல் ஆந்த்ரே கைமும் கான்ஸ்தாந்தின் நோவோசெலோவும் கிராஃபைட்டைச் சாதாரண ஒட்டு டேப்பால் உரித்து உரித்து, ஒரே அணு தடிமன் கொண்ட கிராஃபீனைப் பிரித்தார்கள். 2010இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

சோலாருக்கே பிரிவு தேவைப்படும் ஒரு கட்டம் உண்டு. ஆயுள் முடிந்த பேனலில் இருந்து கண்ணாடி, சிலிக்கான், வெள்ளி, தாமிரத்தை மீட்க, அடுக்குகளைப் பிரித்தாக வேண்டும். 25 வருஷம் பிரியாமல் இருக்கச் செய்த அதே இவிஏதான் அங்கே பெரிய முட்டுக்கட்டை. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளில் சோலார் பேனல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வருங்காலப் பேனலுக்கு ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டு, கடைசியில் சுலபமாக விடும் பசை வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிஎம் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அதனால் உங்கள் வீட்டிலோ, ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டிலோ பேச்சு வந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன்பும் பின்பும் இவற்றைக் கவனியுங்கள்.

• ஐஎஸ் 14286 (உலக அளவில் ஐஇசி 61215) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம், அதாவது சுமார் 42 நாள், வைத்துப் பார்ப்பதும் இதில் ஒரு சோதனை. இது குறைந்தபட்சத் தகுதி, 25 வருஷத்துக்கான உத்தரவாதம் அல்ல.

• கடலோர வீடு என்றால் உப்புப் பனிச் சோதனையான ஐஇசி 61701 சான்றையும் கேளுங்கள்.

• 'பொருள் வாரன்டி' வேறு, 'திறன் வாரன்டி' வேறு. 25 வருஷம் என்பது பெரும்பாலும் இரண்டாவது. அடுக்குப் பிரிவு எதில் வருகிறது, எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

• பேனல் மேல் ஏறி நிற்கவோ நடக்கவோ யாரையும் விடாதீர்கள். உச்சி வெயிலில் பச்சைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம். காலையிலோ மாலையிலோ மென்மையாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம்.

• வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பாருங்கள். பால் போன்ற வெண்படலம், குமிழ், செல் ஓரத்தில் பழுப்பு, பின்புறத் தாளில் விரிசல் தெரிந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வாரன்டி கேட்கும்போது அதுதான் சாட்சி.

• குமிழைக் குத்தவோ, ஓரத்தில் சிலிக்கோன் அப்பவோ வேண்டாம். வாரன்டி போகும், ஈரமும் உள்ளேயே அடைபடும். பிரிவு சட்டத்தின் ஓரம் வரை போயிருந்தால் பேனலைத் தொடாதீர்கள். டெக்னீஷியனை வரவழைத்து, அமைப்பை அணைத்து, மின்காப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

அடுக்குப் பிரிவு ஒரே நாளில் வருவதில்லை. அலோஹாவிலும் டைட்டனிலும் அறிகுறிகள் முன்பே இருந்தன. உங்கள் மாடியில் அந்த அறிகுறி ஒரு சின்னக் குமிழாகத்தான் வரும். கண்ணில் பட்ட அன்றே ஒரு போட்டோவும் ஒரு ஃபோன் காலும் போதும்.